வாக்குச்சீட்டில் வந்த வெளியுறவு

சர்வாதிகாரம் ஒழிந்த நாடு என்றால் தேர்தலைப் பற்றியும் புதிய அரசியல் சட்டத்தைப் பற்றியும்தான் பேசுகிறோம். அந்த நாடு இனி எந்த அணியில் நிற்கும், அதை முடிவு செய்வது யார் என்பதும் அதே அளவு பெரிய கேள்வி. ஸ்பெயின் பத்தாண்டுக்கு மேல் இதில் மல்லுக்கட்டியது.

1975 நவம்பர் 20-இல் சர்வாதிகாரி பிராங்கோ இறந்தார். 1977-இல் சோவியத் யூனியனோடு தூதரக உறவு, அதே ஆண்டில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர விண்ணப்பம். இவற்றுக்குப் பெரிய எதிர்ப்பில்லை. அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோவில் சேரும் கேள்வியில்தான் நாடு இரண்டுபட்டது. காரணம் உண்டு. 1953-லேயே பிராங்கோவோடு ஒப்பந்தம் போட்டு ஸ்பெயின் மண்ணில் ராணுவத் தளம் அமைத்தது அமெரிக்கா. சர்வாதிகாரிக்குத் துணை நின்றவர்களின் கூட்டணியில் நாம் ஏன் சேர வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். நியாயமான கோபம்.

1981 பிப்ரவரி 23-இல் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்த ராணுவக் கலகக்காரர்கள் கூரையை நோக்கிச் சுட்டார்கள். மறுநாளே கலகம் அடங்கியது. அதன் பின் பதவியேற்ற புதிய பிரதமர் கால்வோ சொத்தேலோ, நாடாளுமன்றப் பெரும்பான்மையை மட்டும் வைத்து, 1982 மே 30-இல் நாட்டை நேட்டோவில் சேர்த்தார்.

இதை எதிர்த்த சோஷலிஸ்டுகள் பொது வாக்கெடுப்பு நடத்துவோம் என்று சொல்லி அந்த அக்டோபர் தேர்தலில் வென்றார்கள். பிரதமர் பதவிக்கு வந்த அவர்களின் தலைவர் பெலிப்பே கொன்சாலஸ் மனம் மாறி, நேட்டோவிலேயே இருப்போம் என்றார். ஆனாலும் சொன்னபடி வாக்கெடுப்பை நடத்தினார். தோற்றிருந்தால் பதவியே ஆட்டம் கண்டிருக்கும். கொள்கை மாறியதை நான் பாராட்ட மாட்டேன். மக்கள் முன் போய் நின்றதை மதிக்கிறேன்.

1986 மார்ச் 12. வாக்குச்சீட்டிலேயே மூன்று நிபந்தனைகள் அச்சாகியிருந்தன: நேட்டோவின் ஒருங்கிணைந்த ராணுவ அமைப்பில் சேர மாட்டோம், அணு ஆயுதத்துக்கு இடமில்லை, அமெரிக்கப் படைகள் படிப்படியாகக் குறைக்கப்படும். வாக்களித்தவர்களில் சுமார் 52.5 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். கட்டலோனியாவும் பாஸ்க் பகுதியும் இல்லை என்றன.

மூன்றாவது நிபந்தனைக்குப் பலன் கிடைத்தது. மாட்ரிட் அருகே தொர்ரெஹோன் தளத்திலிருந்த அமெரிக்கப் போர் விமானங்களை அகற்ற 1988-இல் உடன்பாடு ஏற்பட்டது. முதல் நிபந்தனையை 1990-களின் இறுதியில் அடுத்து வந்த அரசு கைவிட்டது. அப்போது மக்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை.