அப்பாவின் லேத்தும் என் 138 டாலர் வகுப்பும்

கொஞ்ச நாளா ஒரே கேள்வி வந்துட்டே இருக்கு: "ப்ரோ, வியாழக்கிழமை மட்டும் ஏன் ரெக்கார்டிங் இல்ல, எங்க போறீங்க?" இன்னைக்குச் சொல்லிடறேன். லேத் ஓட்டப் போறேன்.

சிரிக்காதீங்க, நிஜமாத்தான். நான் இப்ப இருக்கறது கலிஃபோர்னியாவுல, சான் ஹோசே பக்கம். பகல்ல கோட் எழுதற வேலை. செவ்வாய், வியாழன் சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கம்யூனிட்டி காலேஜ். நம்ம ஊர்ல சமுதாயக் கல்லூரின்னு சொல்வாங்க. பாடத்தோட பேரு மெஷினிங் அடிப்படைகள்.

கம்யூனிட்டி காலேஜ்னா ஏதோ டுடோரியல் மாதிரின்னு நானும் நினைச்சிருந்தேன். இல்லினாய்ஸ்ல ஜோலியட் ஜூனியர் காலேஜ்னு ஒண்ணு 1901-ல ஆறே ஆறு மாணவர்களோட ஆரம்பிச்சது. 1947-ல அதிபர் ட்ரூமன் அமைச்ச உயர்கல்விக் குழு இந்த மாதிரி கல்லூரிகள் ஊருக்கு ஊர் வேணும்னு சொன்னதுக்கு அப்புறம் 'கம்யூனிட்டி காலேஜ்'ங்கற பேரு நிலைச்சது. இப்ப கலிஃபோர்னியாவுல மட்டும் 116 இருக்கு. 18 வயசு ஆயிருந்தா போதும், கட்-ஆஃப் எல்லாம் கிடையாது. ஒரே கால அட்டவணையில அக்கவுண்டிங், நர்சிங், ஸ்பானிஷ், வெல்டிங், கார் ரிப்பேர், மண்பாண்டம் எல்லாம் வரிசையா நிக்கும். இங்க ரெண்டு வருஷம் படிச்சுட்டு பெர்க்லி மாதிரி பல்கலைக்கழகத்துல நேரா மூணாம் வருஷம் சேர்றவங்களும் உண்டு.

பீஸ் சொல்லணுமே. மாநிலத்துல ஒரு வருஷத்துக்கு மேல குடியிருக்கறவங்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். என் பாடம் மூணு யூனிட், ஆக 138. சில்லறைக் கட்டணங்கள் தனி. குடியிருப்பு காட்ட முடியலன்னா பல மடங்கு ஆகும், அதை முதல்லயே பார்த்துக்கோங்க. 1984 வரைக்கும் இந்தக் கட்டணம்கூட இல்லாம இருந்துச்சாம்.

சரி, இந்த யூனிட் கணக்குலதான் எனக்கு முதல் கோபம் வந்துச்சு. வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்புல உட்கார்ந்தா ஒரு யூனிட். ஆனா ஒர்க்‌ஷாப்ல மூணு மணி நேரம் நின்னாத்தான் ஒரு யூனிட். செவ்வாய்க்கிழமை ரெண்டு மணி நேரம் போர்டைப் பார்க்கறதுக்கு ரெண்டு யூனிட். வியாழக்கிழமை மூணு மணி நேரம் மெஷின் முன்னாடி கால் கடுக்க நிக்கறதுக்கு ஒண்ணே ஒண்ணு. கைவேலைன்னா உலகம் பூரா இளக்காரம்தான் போலன்னு தோணுச்சு. வாத்தியார்கிட்டயே கேட்டேன். வயசானவர், விமான பாகங்கள் செய்யற தொழிற்சாலையில ரொம்ப வருஷம் இருந்தவர். அவர் சொன்னார்: வகுப்புல ஒரு மணி நேரம் உட்கார்ந்தா வீட்டுல ரெண்டு மணி நேரம் படிக்கணும்னு கணக்கு, அது மூணு. லேத்தை நீ வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது, அதனால மூணு மணி நேரமும் இங்கயே. கணக்கு சரிதான்.

இப்ப அப்பா விஷயத்துக்கு வரேன். எங்க அப்பாவுக்கு கோயம்புத்தூர் கணபதியில ஒரு சின்னப் பட்டறை. பம்புக்கு ஷாஃப்ட், புஷ்னு ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்வார். ரெண்டு லேத் இருந்துச்சு. நான் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம் படிக்கும்போது ஹாஸ்டல்ல இருந்து ஊருக்கு வந்தா, ஒரு லேத் இருந்த இடத்துல தரையில நாலு போல்ட் ஓட்டை மட்டும் இருக்கு. பீஸுக்காக வித்தாங்கன்னு யாரும் சொல்லல, நானும் கேட்கல.

சின்ன வயசுல நான் பட்டறைக்குள்ள வந்தாலே "எண்ணெயை மிதிக்காத கண்ணு, போய்ப் படி" அப்படிம்பார். தொட விட்டதே இல்ல. நான் படிச்ச காலேஜ்லயும் முதல் வருஷம் ஒர்க்‌ஷாப் இருந்துச்சு. ஒருத்தன் சக்கரம் சுத்துவான், பதினஞ்சு பேர் வேடிக்கை பார்ப்போம், ராத்திரி ரெக்கார்ட் நோட்டுல பக்கத்து ரூம்காரன்கிட்ட பார்த்துப் படம் வரைவோம். அவ்வளவுதான். லேத்துக்காரர் பையன், இன்ஜினியர், ஆனா ஒரு கம்பியைக் கடைஞ்சதில்ல.

இந்த வருஷம் அம்மா போன்ல சொன்னாங்க. அப்பாவுக்குத் தோள்பட்டை முடியல, பட்டறையை மூடிடலாம்னு இருக்கார், ஒரு ஆளு வந்து மிச்சம் இருக்கற லேத்தை எடை போட்டு விலை கேட்டுட்டுப் போனான்னு. எடை போட்டு. அந்த வாரம்தான் இங்க பேரைக் கொடுத்தேன். அப்பாகிட்ட சொல்லல. என்னன்னு சொல்றது?

முதல் வியாழக்கிழமை கடைசி வரைக்கும் மெஷினைப் போட விடல, பாதுகாப்பு விதி மட்டும்தான். மோதிரம், வாட்ச், கையுறை, முழுக்கை சட்டை எதுவும் ஆகாது. சுத்தற சக் இழுத்துக்கும். சக்குல சாவியை மாட்டிட்டுக் கையை எடுத்தா அன்னைக்கு வெளியதான் நிக்கணும், ஏன்னா மெஷினைப் போட்டா அந்தச் சாவி யார் முகத்துலயாவது பறந்து அடிக்கும். கூடப் படிக்கறவங்கள்ல 18 வயசுப் பையன் ஒருத்தன், ரிட்டையர் ஆன ஒரு நர்ஸ் அம்மா, பிஎச்டி முடிச்ச சிப் டிசைனர் ஒருத்தர். அந்தப் பையன் கைதான் எங்க எல்லாரையும்விட நிதானம்.

ரெண்டாவது வாரம் நான் ஒரு ஜாப்பைக் கெடுத்தேன். கைப்பிடியை ரெண்டு கோடு அதிகமாத் திருப்பிட்டேன். சரி, அன்டூ பண்ணிக்கலாம்னு ரெண்டு கோடு பின்னாடி திருப்பினேன். டயல்ல நம்பர் சரியா வந்துடுச்சு. அளந்து பார்த்தா அளவு குறைஞ்சிருக்கு! செவ்வாய்க்கிழமை வாத்தியார் போர்டுல ஸ்க்ரூவையும் நட்டையும் பெருசா வரைஞ்சார். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும். திசை மாத்தித் திருப்பும்போது முதல்ல அந்த இடைவெளிதான் தீரும். கைப்பிடி சுத்தும், டூல் அசையாது. அதனால நல்லாப் பின்னாடி போய், மறுபடி ஒரே திசையில வந்து கோட்டுல நிக்கணும். பாக்லாஷ்னு பேரு. மெஷின்லயே நின்னிருந்தா எனக்கு இது 'ஏதோ லொடலொட'ன்னுதான் இருந்திருக்கும். போர்டுல மட்டும் பார்த்திருந்தா பரீட்சையில எழுதிட்டு மறந்திருப்பேன். கையால கத்துக்கறதுதான் நிஜம், கிளாஸ்ரூம் வேஸ்ட்டுன்னு ரீல்ஸ் போடறாங்களே, அவங்களோட எனக்கு ஒத்துப்போகல. செவ்வாய்க்கிழமை இல்லாத வியாழக்கிழமை எனக்குப் பாதிதான் புரிஞ்சிருக்கும்.

நம்ம ஊருக்கு இதெல்லாம் புதுசும் இல்ல. கோயம்புத்தூர்ல ஜி.டி. நாயுடு, இன்னைக்கு ஜி.சி.டி.ன்னு நாம சொல்ற கல்லூரிக்கு 1945-ல பிரின்சிபாலா இருந்தப்ப, நாலு வருஷப் படிப்பு வீண், ரெண்டு வருஷம் போதும்னு வாதாடினார். அரசாங்கம் ஒத்துக்கல, விலகிட்டார். பாண்டிச்சேரி பல்கலைக்கழகம் 1995-லயே சமுதாயக் கல்லூரி ஆரம்பிச்சது. ஆனா பகல்ல வேலைக்குப் போற ஒருத்தர் சாயங்காலம் போய் லேத் முன்னாடி நிக்கற மாதிரி ஒரு வகுப்பை லீவுக்கு வந்தப்ப கோயம்புத்தூர்ல தேடினேன். எனக்குக் கிடைக்கல. உங்களுக்குத் தெரிஞ்சா வாய்ஸ் மெசேஜ் போடுங்க.

போன வியாழக்கிழமை வகுப்பு முடியும்போது ஒன்பதரை. அங்க வெள்ளிக்கிழமை காலை பத்து. பார்க்கிங்ல நின்னு வீடியோ கால் போட்டேன். கையில நான் கடைஞ்ச ஒரு இன்ச் கம்பி.

"என்ன கண்ணு அது?"

"நான் கடைஞ்சதுப்பா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. "ஏங் கண்ணு, அமெரிக்கா போயும் லேத்தா? அதுவும் காசு குடுத்தா?" கோபமான்னு தெரியல. நான் வேகமா வகுப்பைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சேன். சாதா இரும்புக்கு, ஹெச்.எஸ்.எஸ். டூலுக்கு, நிமிஷத்துக்கு 100 அடி வேகம். அதை நாலால பெருக்கி, கம்பியோட இன்ச்சால வகுத்தா சுத்து வரும், ஒரு இன்ச்சுக்கு 400-ன்னு. அவர் சொன்னார், "நம்ம மெஷின்ல ஒரு இன்ச்சுக்கு நான் போடற லீவரும் கிட்டத்தட்ட அதுதான். சத்தத்தை வெச்சுப் போடுவேன். சுருள் நீலமா வந்தா டூல் போச்சு." அப்புறம் அவரே கேட்டார், "நாலுங்கறது எங்கிருந்து வருது?" அடியை இன்ச்சாக்க 12, அதை வட்டத்தோட 3.14-ஆல வகுத்தா கிட்டத்தட்ட நாலுன்னு சொன்னேன். "ஓ" அப்படின்னார். முப்பது வருஷத்துல அப்பா என்னைக் கேட்ட முதல் தொழில் கேள்வி அது.

"அந்த முகத்தைக் கேமரா கிட்டக் காட்டு."

காட்டினேன்.

"நடுவுல ஒரு கொப்புளம் நிக்குது பாரு. டூல் சென்டருக்குக் கீழ இருக்கு. அடியில தகடு வெச்சுத் தூக்கு."

வாத்தியார் அரை மணி நேரம் முன்னாடி விரலால தடவிப் பார்த்துச் சொன்னதும் அதேதான்.

அப்புறம் நான் கேட்டேன், "அந்த ஆளு மறுபடி வந்தானாப்பா?"

"வர்றேன்னிருக்கான்."

"நான் டிசம்பர்ல வர்றேன். அதுல ஒரு ஜாப் போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாங்களா?"

வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. "கியர் பாக்ஸுக்கு எண்ணெய் மாத்தி ரொம்ப நாளாச்சு" அப்படின்னார். "மாத்தி வெக்கறேன்" அப்படின்னு போனை வெச்சுட்டார்.