மூன்று வாற் கச்சேரி

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய நிகழ்ச்சிக்கு வந்து அம்பிளிபயர் வாங்குவதைப் பற்றிப் பேசுகிறானே என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நியாயமான நினைப்புத்தான். ஆனால் வள்ளுவர் 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் வகுத்தவர். காதால் பெறுவதும் கல்வியே என்பது நமது மரபு. தோடியையும் கல்யாணியையும் ஏட்டிலே படித்து அறிந்தவர் எவருமில்லை; கேட்டுத்தான் அறிந்தோம். ஆகவே, அந்தப் பாட்டுக்கும் நமது காதுக்கும் நடுவே நிற்கிற பெட்டியைப் பற்றிச் சிறிது நேரம் பேசுவது குற்றமாகாது என்று எண்ணுகிறேன். பாடப்புத்தகம் அதனை விரியலாக்கி என்று சொல்லும். நான் கடைத்தெருவில் வழங்குகிற பெயரையே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊரார் எல்லோருக்கும் அவர் மாஸ்ரர். வயது எண்பதை நெருங்குகிறது. சென்ற வருடம் கனடாவிலிருந்து மகன் காசு அனுப்பி, "ஐயா, நல்ல செற் ஒண்டு வாங்கிப் பாட்டுக் கேளுங்கோ" என்றிருக்கிறான். பட்டணத்துக் கடையொன்றிலே ஆளுயரப் பெட்டி இரண்டோடு ஒரு செற் வாங்கி வந்தார்கள். முகப்பிலே சிவப்பு விளக்கு, நீல விளக்கு, ஆயிரம் வாற் என்று கொட்டை எழுத்து. ஒரு கிழமை கழித்து மாஸ்ரர் என்னிடம் வந்தார். எனக்கு இளமையிலே ரேடியோ திருத்திப் பழகிய கை கொஞ்சம் உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

"தம்பி, தவில் கேக்குது. தட்சணாமூர்த்தியைக் காணேல்லை" என்றார்.

1975இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தியைத்தான் சொன்னார். நான் போய்க் கேட்டேன். அவர் சொன்னது மெத்தச் சரி. 'தொம், தொம்' என்று சுவர் அதிர்ந்தது. விரல் விரலாகப் பிரிய வேண்டிய வலந்தலைச் சொற்கள் ஒரே இரைச்சலாகக் குழம்பின. நாதஸ்வரம் அடுத்த தெருவில் ஊதுவது போல இருந்தது. வாசித்தவர்மீது பிழையில்லை, கசற்றிலும் பிழையில்லை. இடையிலே நின்ற பெட்டியின் பிழை அது.

நேயர்களே, எங்கள் தீவுகளுக்குச் சங்கீதம் கடல் வழியாக வந்தது. இதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. மத்திய அலை வானொலி தரையை ஒட்டிப் பரவுகிறபோது, வறண்ட நிலம் அதனை விழுங்கிவிடும்; மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிற உப்புநீர் அதனைத் தாங்கிக்கொண்டு வரும். 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம் கொழும்பைவிடத் தெளிவாக எங்கள் திண்ணைகளிலே கேட்டதன் இரகசியம் அதுதான். என் ஐயா வால்வ் ரேடியோவைத் திருப்பிவிட்டு, அது சூடேறும் வரையில் பொறுமையாகக் காத்திருப்பார். பிறகு ஒரு ஆலாபனை மெல்ல மெல்ல எழும். அந்த ரேடியோவின் வலு நாலைந்து வாற்றுக்கு மேலிராது.

பிறகு 1990 வந்தது. ஆனியிலே போர் மறுபடி மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ஆவணியிலே தீவுப்பகுதியில் இராணுவ நடவடிக்கை தொடங்க, ஊர்விட்டு ஊர் ஓடினோம். மாஸ்ரர் உடுப்புப் பெட்டியை விட்டுவிட்டு, பிஸ்கற் ரின் ஒன்றுக்குள் நாற்பது கசற்றை அடுக்கிக்கொண்டு தோணி ஏறினவர். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாகிவிட்ட காலம் அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையாலே பெடலைச் சுற்றி, டைனமோவிலே ரேடியோ கேட்ட கதையை அன்று குடாநாட்டில் வாழ்ந்த எவரும் மறக்கமாட்டார். டைனமோ தருவது மாறுமின்னோட்டம். நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் வைத்து அதை நேர்மின்னோட்டமாக்கி ரேப் ரெக்கோடருக்குக் கொடுப்போம். சுற்றுகிற பொடியன் களைத்தால் பாடகருக்குச் சுருதி இறங்கும். "தம்பி, ஒரு கட்டை குறைஞ்சு போச்சு, சுத்தடா" என்று மாஸ்ரர் சொல்லுவார்.

அந்த டைனமோ 6 வோல்ற், 3 வாற். அந்த மூன்று வாற்றிலே ஒழுங்கை முழுவதும் கச்சேரி கேட்டது. இன்று ஆயிரம் வாற்றிலே ஒருவருக்குக் கேட்கவில்லை. ஏன்?

முதலாவது, அந்த ஆயிரம் ஆயிரமே அல்ல. பெட்டியின் முகப்பிலே பி.எம்.பி.ஓ. என்று ஓர் அளவு போட்டிருப்பார்கள். கண் இமைக்கிற நேரத்துக்கு எவ்வளவு வலு பாயக்கூடும் என்று தயாரிப்பவர் தம் மனம்போல் கணக்கிட்டு எழுதுகிற எண் அது. அதற்குப் பொது நியமம் கிடையாது. நாம் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்ற அளவு. தொடர்ந்து, ஒலி சிதையாமல் கொடுக்கக்கூடிய வலு அதுவே. பெட்டியின் பின்புறத்தில், மின்சாரத்தில் எத்தனை வாற் எடுக்கும் என்று சிறிதாக எழுதியிருக்கும். மாஸ்ரரின் செற்றிலே அது 60. அறுபதை வாங்குகிற பெட்டி ஆயிரத்தைத் தொடர்ந்து கொடுக்காது என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டியதில்லை.

இரண்டாவது, வாற் கூடினால் அதே அளவுக்குச் சத்தம் கூடாது. வலுவை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் ஏறவேண்டும். அதற்குப் பத்து மடங்கு வலு வேண்டும். நூறு வாற் பெட்டி, பத்து வாற் பெட்டியைவிட இரண்டு மடங்கு சத்தந்தான் தரும்.

அப்படியானால் வீட்டு விறாந்தையிலே கச்சேரி கேட்க எவ்வளவு போதும்? சாதாரண ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரு வாற் கொடுத்து, ஒரு மீற்றர் தள்ளி இருந்து அளந்தால் 88 டெசிபெல் அளவு வரும். இரண்டு பேர் உரையாடுகிற சத்தம் 60 அளவில். ஆகவே, ஆலாபனை கேட்கிறபோது பெட்டி உண்மையிலே செலவழிப்பது பத்திலொரு வாற்றாக இருக்கலாம். ஆனால் மிருதங்கத்திலோ தவிலிலோ ஓர் அடி விழுகிற கணத்திலே ஒலி 20 டெசிபெல் எகிறும். அந்தக் கணத்துக்கு நூறு மடங்கு, அதாவது பத்து வாற் வேண்டும். அந்தப் பத்து கையிருப்பில் இல்லாவிட்டால் அடி நசிந்துபோகும். எனவே உண்மையான 15, 20 வாற் உள்ள பெட்டி வீட்டுக்குத் தாராளம்.

மூன்றாவது, காசைப் பங்கிடுகிற முறை. கையிலே பத்துப் பங்கு காசு இருந்தால் ஆறு பங்கை ஸ்பீக்கருக்கும் மூன்றை அம்பிளிபயருக்கும் ஒன்றை வயருக்கும் ஒதுக்குங்கள் என்பேன். ஸ்பீக்கர் வாங்குகிறபோது அதன் உணர்திறனைக் கேளுங்கள். 85 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 40 வாற் வேண்டிய இடத்தில் 91 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 10 வாற் போதும். நல்ல ஸ்பீக்கர் வாங்குபவர் பெரிய அம்பிளிபயர் வாங்கும் செலவை மிச்சம் பிடிக்கிறார். ஓம் அளவையும் பொருத்திப் பாருங்கள். எட்டு ஓமுக்கென்று செய்த பெட்டியிலே நாலு ஓம் ஸ்பீக்கரைக் கொழுவினால் அது சூடேறிக் கருகக்கூடும்.

நான்காவது, இரைச்சல். நமது சங்கீதத்துக்கென்றே உள்ள பரீட்சை இது. நமது மின்சாரம் 50 ஹேட்ஸ். பெட்டிக்குள்ளே அதை நேர்மின்னோட்டமாக்கும்போது 100 ஹேட்ஸ் அலையொன்று மிஞ்சும். அதை வழித்து எடுப்பது கொண்டென்சரின் வேலை. மலிவான பெட்டியிலும், வயதேறிய பெட்டியிலும் அது சரியாக நடப்பதில்லை. 'ம்ம்ம்' என்ற உறுமல் கேட்கும். சினிமாப் பாட்டிலே அது மறைந்துவிடும். ஆனால் ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிற பாடகரின் தம்புராவை எண்ணிப்பாருங்கள். அதன் பஞ்சமத் தந்தி ஏறக்குறைய 98 ஹேட்ஸிலே ஒலிக்கும். பக்கத்திலே பெட்டியின் உறுமல் 100. இரண்டும் மோதினால் செக்கனுக்கு இரண்டு தரம் ஒலி அலைமோதும். தம்புராவுக்குச் சுருதி பிசகியது போலிருக்கும். பாடகர் பாவம், பழி அவர்மேல் விழும்! ஆகவே கடையிலே பாட்டெதுவும் போடாமல், சத்தத்தைப் பாதிக்கு ஏற்றி, ஸ்பீக்கரின் வாயிலே காதை வைத்துக் கேளுங்கள். ஓரடி தள்ளியும் உறுமல் கேட்டால் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள்.

ஐந்தாவது, எங்கள் தீவுக்கேயுரிய சங்கதி. பாட்டைக் கொண்டுவந்த கடலே பெட்டியை அரிக்கவும் செய்கிறது. உப்புக்காற்றிலே செப்பு முனைகள் பச்சை பூக்கும். சத்தத்தைக் கூட்டுகிற குமிழைத் திருகினால் கரகரக்கும். வயரைச் செருகிவிடுகிற கிளிப்பை விட, திருகி இறுக்குகிற முனை எங்கள் ஊருக்கு நல்லது. கடலைப் பார்த்த யன்னலுக்கு நேரே பெட்டியை வையாதீர்கள். பாவிக்காத வேளையிலே துணியால் மூடுங்கள். பாவிக்கும்போது மூடாதீர்கள், சூடேறும். எழுபது, எண்பதுகளில் செய்த யப்பான் அம்பிளிபயர்கள் பழைய விலைக்கு அகப்படும். அவற்றிலே மிக நல்லவை உண்டு. ஆனால் வாங்குமுன் குமிழ்களையெல்லாம் திருகிப் பாருங்கள். கொண்டென்சர் மாற்றுகிற கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

புதியது வாங்குகிறவர்களுக்கு இப்போது 'டி' வகுப்பு என்று ஒரு வகை இருக்கிறது. உள்ளங்கையளவு பெட்டி. பழைய 'ஏபி' வகுப்புப் பெட்டி எடுத்த மின்சாரத்திலே பாதியளவைச் சூடாக்கி வீணடிக்கும்; இது பத்திலே ஒன்பது பங்கை ஸ்பீக்கருக்கு அனுப்பக்கூடியது. 12 வோல்ற் பற்றரியிலேயே ஓடும் வகைகள் உண்டு. அப்படி ஓடும்போது எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு ஒன்பது வாற் அளவிலே நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் 90 டெசிபெல் ஸ்பீக்கர் இருந்தால் அது காணும். ஏழு அம்பியர்-மணிப் பற்றரி ஒன்று மூன்று மணிநேரக் கச்சேரியைச் சோராமல் தாங்கும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்த தீவுகள். அம்மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சிலே ஒப்பந்தம் கைச்சாத்தானது. இத்தகைய இடங்களுக்கு, கூரையிலே ஒரு சிறிய சோலாரும் இந்தப் பெட்டியும் நன்றாகப் பொருந்தும். குறையும் ஒன்று உண்டு: மலிவான 'டி' வகுப்புப் பெட்டி மத்திய அலை ரேடியோவிலே கரகரப்பை ஏற்படுத்தும். இரண்டையும் ஒரே மேசையில் வையாதீர்கள்.

மாஸ்ரருக்கு இப்படித்தான் ஒன்று பொருத்தினோம். சின்ன 'டி' வகுப்புப் பெட்டி, பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒரு சோடி, ஒரு பற்றரி. முதல் வாங்கிய செற்றின் விலையிலே அரைவாசியும் முடியவில்லை. அந்த ஆயிரம் வாற் செற் இப்போது விளையாட்டுக் கழகத்தில் இருக்கிறது. உதைபந்தாட்டத்துக்கு அறிவித்தல் சொல்ல அது திறம்.

அன்று மாலை பிஸ்கற் ரின்னிலிருந்து ஒரு கசற்றை எடுத்துப் போட்டார். எண்பதுகளிலே, ரேடியோவுக்கு முன்னால் ரெக்கோடரை வைத்துப் பதிந்த நாதஸ்வரக் கச்சேரி. தனி ஆவர்த்தனம் தொடங்கியது. ஒவ்வொரு விரலும் பிரிந்து நின்றது. மாஸ்ரர் தொடையிலே தாளம் போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று கை நின்றது. தவில் ஓய்ந்து நாதஸ்வரம் எடுக்கும் முன் வருகிற அந்தச் சிறிய அமைதியிலே, தூரத்தில் துலா கிறீச்சிடுகிற ஓசை கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு பெண்குரல், "தேத்தண்ணி ஆறப்போகுது, வாங்கோவன்" என்றது.

இடம்பெயர்ந்திருந்த காலத்திலே காலமான அவருடைய மனைவியின் குரல். முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கசற் அவரிடம் இருந்திருக்கிறது. டைனமோவிலே கேட்டபோது சைக்கிள் சங்கிலியின் இரைச்சல் அதை மூடியிருக்க வேண்டும். பிறகு வந்த செற்றுகளில் உறுமல் மூடியிருக்க வேண்டும்.

"இன்னொருக்கால் போடும் தம்பி" என்றார். போட்டேன். மூன்றாம் முறை அவரே எழுந்து போய்ச் சுற்றிப் போட்டார். நான் விடைபெற்று வந்துவிட்டேன்.

நேயர்களே, அம்பிளிபயர் வாங்கப் போகிறபோது கடைக்காரர் தம்முடைய இறுவட்டு ஒன்றைப் போட்டுக் காட்டுவார். எந்தப் பெட்டியிலும் நன்றாகக் கேட்கிற பாட்டாகப் பார்த்துத்தான் அதை வைத்திருப்பார். நீங்கள் உங்கள் வீட்டுக் கசற்றையோ இறுவட்டையோ கையோடு கொண்டு போங்கள். அதிலே சத்தம் கூடிய இடத்தை விட்டு, ஆகக் குறைந்த இடத்தைப் போடச் சொல்லிக் கேளுங்கள். அந்த இடம் தெளிவாகக் கேட்கிற பெட்டி எதுவோ, அதுவே உங்களுக்கான பெட்டி.