நோயைச் சொல்ல மொழி வேண்டும்

(நூற்பாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பந்தல் போடுவார்கள். வாழைமரம் கட்டுவார்கள். ஒலிபெருக்கி அலறும். நன்கொடை கொடுத்த பெரிய மனிதர் முன்வரிசையில் இருப்பார். மாலையும் பொன்னாடையும் அவருக்கு. பந்தல் போட்டவரும், நாற்காலி சுமந்தவரும், வருஷம் பூராவும் ஸ்தாபனத்துக்காக அலைந்தவரும் வெளியே நின்று கைதட்டுவார்கள். பொன்னாடை யார் தோளில் விழுகிறது என்று பார்த்தாலே போதும், அந்த ஸ்தாபனம் யாருடையது என்று தெரிந்துவிடும்.

இன்று நான் பேசப்போவது அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில், ஏழைக் குடியேறிகளுக்காக நடக்கும் ஒரு மருந்தகத்தைப் பற்றி. அதன் பெயர் ‘லா கிளினிக்கா டெல் பியூப்லோ’. ஸ்பானிய மொழியில் மக்கள் மருந்தகம் என்று பொருள். 1983ல் தொடங்கியது, 2023ல் அதற்கு 40 ஆண்டு நிறைந்தது. லாபத்துக்காக நடப்பதல்ல. ஸ்பானியம், ஆங்கிலம் என்ற இரண்டு மொழிகளிலும் அங்கே வைத்தியம் நடக்கிறது.

இப்படிப்பட்ட மருந்தகங்கள் அமெரிக்காவில் பல ஊர்களில் உண்டு. ஆண்டு விழா வந்தால், வட்டாரத்தில் உழைத்த தலைவர்களை மேடைக்கு அழைத்துக் கௌரவிப்பது அங்கும் வழக்கம். அந்த மேடைக்கு யார் வர வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமானால், இந்த மருந்தகம் எப்படிப் பிறந்தது என்று முதலில் தெரிய வேண்டும்.

துப்பாக்கிக்குத் தப்பி வந்தவர்கள்

மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார் என்று ஒரு சின்ன நாடு. பரப்பில் நம் தமிழ்நாட்டின் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். காப்பி விளையும் பூமி. நல்ல நிலமெல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களின் கையில் இருந்தது. காப்பிப் பழம் பறித்த கூலிக்குக் காலடி மண்கூடச் சொந்தமில்லை. நிலம் கேட்டவருக்கும் சங்கம் வைத்தவருக்கும் ராணுவம் துப்பாக்கியால் பதில் சொன்னது. ஏழைகளுக்காகப் பேசிய ஆர்ச் பிஷப் ரொமேரோவை 1980 மார்ச் 24ந் தேதி, பூசை செய்துகொண்டிருந்தபோதே சுட்டுக் கொன்றார்கள்.

அதன்பின் உள்நாட்டு யுத்தம். 1992 ஜனவரியில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை, 12 ஆண்டுகளில் சுமார் 75,000 பேர் மாண்டார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் ஏற்பாட்டில் அமைந்த உண்மை அறியும் குழு 1993ல் அறிக்கை கொடுத்தது. அதனிடம் வந்த புகார்களில் 100க்கு 85, ராணுவத்தின் மீதும் காவல் படைகளின் மீதும் அவற்றோடு சேர்ந்த கொலைக் கும்பல்களின் மீதும்தான். அந்த ராணுவத்துக்குப் பணமும் ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது யார்? அமெரிக்க சர்க்கார்!

உயிர் தப்பியவர்கள் லட்சக்கணக்கில் வடக்கே போனார்கள். துப்பாக்கி கொடுத்த தேசத்திலேயே அடைக்கலம் கேட்க வேண்டியதாயிற்று. 1984ல் அப்படிக் கேட்ட சால்வடார்காரர்களில் 100க்கு 3 பேருக்குக்கூட அது கிடைக்கவில்லை. மற்றவர்கள் காகிதம் இல்லாதவர்கள் ஆனார்கள். வாஷிங்டனில் அவர்கள் என்ன செய்தார்கள்? பெண்கள் இரவில் ஆபீஸ்களைப் பெருக்கித் துடைத்தார்கள். பகலில் பிறர் குழந்தைகளை வளர்த்தார்கள். ஆண்கள் கட்டிட வேலைக்கும், ஓட்டலில் தட்டுக் கழுவவும் போனார்கள். தலைநகரத்தின் மாளிகைகள் பளபளப்பாக இருக்க அவர்கள் கை வேண்டும். அந்தக் கைக்கு உடம்பு சரியில்லை என்றால் பார்க்க ஆள் இல்லை.

ஒரு சொல் செய்த கேடு

அமெரிக்காவில் வைத்தியம் என்றால் இன்ஷூரன்ஸ் வேண்டும். அவர்களுக்கு அது கிடையாது. பணம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. இவ்வளவையும் தாண்டி உள்ளே போனாலும் பாஷை தெரியாது. பாஷை தெரியாததால் என்ன கேடு வந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1980ல் ஃப்ளோரிடா மாகாணத்தில், கியூபா வம்சத்தைச் சேர்ந்த 18 வயது இளைஞன் ஒருவனை நினைவிழந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குடும்பத்தார் ஒரு சொல்லைச் சொன்னார்கள்: ‘இன்டாக்சிகாடோ’. தின்ற பண்டம் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் பேச்சில் அதன் பொருள். ஆங்கிலத்தில் அதைப் போலவே ஒலிக்கும் சொல்லுக்கோ போதை என்று பொருள். பையன் போதை மருந்து தின்றுவிட்டான் என்று முடிவுகட்டி அதற்கே வைத்தியம் பார்த்தார்கள். மூளைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. இரண்டு கையும் இரண்டு காலும் விளங்காமல் போயின. கோர்ட்டுக்குப் போனபின், அவன் ஆயுள் முழுமைக்கும் சுமார் 7 கோடி டாலர் வரை போகக்கூடிய நஷ்ட ஈடு என்று முடிவாயிற்று. இரண்டு பாஷையும் தெரிந்த ஒருவரை அழைத்திருந்தால் எவ்வளவு கூலி கொடுத்திருப்பார்கள்? எண்ணிப் பாருங்கள்!

வாரத்தில் ஒரு மாலை

1983ல் வாஷிங்டனில், மத்திய அமெரிக்க அகதிகளுக்கு உதவிவந்த மையம் ஒன்றும் சில தொண்டர்களும் சேர்ந்து இந்த மருந்தகத்தைத் திறந்தார்கள். வாரத்தில் ஒரே ஒரு மாலை. டாக்டரும் நர்ஸும் தங்கள் வேலை முடிந்து வந்து சம்பளமில்லாமல் பார்த்தார்கள். உள்ளே வருகிறவரிடம் காகிதம் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. “என்ன செய்கிறது?” என்ற முதல் கேள்வியே அவர்கள் பாஷையில் வந்தது. அந்தக் கேள்விதான் அங்கே முதல் மருந்து.

பிறகு வேலை வளர்ந்தது. மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் நோயாளியோடு அனுப்பினார்கள். எய்ட்ஸ் நோய் வந்து, ஜனங்கள் வெட்கத்தாலும் பயத்தாலும் வாய் திறக்காமல் இருந்தபோது, அதைப் பற்றியும் அவர்கள் மொழியில் பேசினார்கள். சர்க்கார் நிதி பெறும் சமூக மருந்தகமாக ஆயிற்று. அடுத்த மாகாணமான மேரிலாந்திலும் கிளை வந்தது.

சுடப்பட்ட கை

இந்த மருந்தகத்தைச் சுமார் இருபது ஆண்டு நடத்தியவர் டாக்டர் ஹுவான் ரொமகோசா. சால்வடார்காரர். அறுவை வைத்தியராக வேண்டும் என்று படித்தவர். 1980 டிசம்பரில், கிராமத்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் ராணுவத்தார் அவரைப் பிடித்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் தேசிய காவல் படையின் சிறையில் வைத்துச் சித்திரவதை செய்தார்கள். மின்சாரம் பாய்ச்சினார்கள். கட்டித் தொங்கவிட்டார்கள். இடதுசாரி என்பதற்கு அடையாளமாக இருக்கட்டும் என்று இடது கையில் சுட்டார்கள். அந்தக் கையால் அவர் பிறகு கத்தி பிடிக்க முடியவில்லை.

கத்தி பிடிக்க முடியாத டாக்டர் என்ன செய்வார்? மெக்சிகோ வழியாக அமெரிக்கா வந்து, தன்னைப் போல் ஓடிவந்தவர்களுக்கு மருந்தகம் நடத்தினார். தலைவலி, தூக்கமில்லை என்று ஒரு பெண் வந்தால், மாத்திரை எழுதிக் கொடுப்பது சுலபம். அவளுக்கு ஏன் தூக்கமில்லை என்று கேட்பதற்கு அந்த ஊரில் என்ன நடந்தது என்று தெரிந்த மனிதன் வேண்டும். மனவேதனைக்கும் அங்கே வைத்தியம் உண்டு.

பதக்கம் யாருக்கு?

அந்தக் காலத்தில் சால்வடாரின் தேசிய காவல் படைக்குத் தலைவராக இருந்தவர் ஜெனரல் வீடஸ் காசனோவா. ராணுவ மந்திரியாக இருந்தவர் ஜெனரல் கார்சியா. வீடஸ் காசனோவாவுக்கு அமெரிக்க சர்க்கார் பதக்கம் கொடுத்துப் பாராட்டியது! இருவரும் 1989ல் ஃப்ளோரிடாவில் வந்து சுகமாகக் குடியேறினார்கள். இவர்களுக்குக் கதவு திறந்தது. காப்பித் தோட்டக் கூலிக்குத் திறக்கவில்லை.

டாக்டர் ரொமகோசாவும், சித்திரவதைப்பட்ட இன்னும் இருவரும் அந்த ஜெனரல்கள் மீது அமெரிக்கக் கோர்ட்டிலேயே வழக்குத் தொடுத்தார்கள். டாக்டர் சாட்சிக் கூண்டில் ஏறி, தனக்கு நடந்ததைச் சொன்னார். 2002 ஜூலையில், 5 கோடியே 46 லட்சம் டாலர் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பின்னர் 2015ல் வீடஸ் காசனோவாவையும், 2016ல் கார்சியாவையும் அமெரிக்கா நாட்டைவிட்டு வெளியேற்றியது.

பதக்கம் வாங்கியவர் வெளியேற்றப்பட்டார். கையில் சுடப்பட்டவரின் பெயரை ஜனங்கள் மரியாதையோடு சொல்கிறார்கள். யார் கொடுக்கும் கௌரவம் நிலைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தொண்டரே தலைவர்

தலைவர் என்றால் டாக்டர் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே ‘ப்ரொமோட்டோரா’ என்று ஒரு தொண்டர் உண்டு. ஆபீஸ் துடைக்கும் பெண்ணாக இருக்கலாம், சமையல்காரியாக இருக்கலாம். அந்த வட்டாரத்திலேயே வாழ்கிறவள். அவளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். வீடு வீடாகப் போகிறாள், தேவாலயத்துக்கும் கடைத்தெருவுக்கும் போகிறாள், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி பற்றி ஜனங்களிடம் பேசுகிறாள்.

ஆங்கில டாக்டர் ரொட்டியைக் குறை என்று சொல்லிவிடுவார். நோயாளி ரொட்டியைத் தொடுவதே இல்லை. தின்பது மக்காச்சோள அடையும் பீன்ஸும். நாலு அடை தின்கிற இடத்தில் இரண்டு போதும், மீதிக்குக் காய் சேர்த்துக்கொள் என்று சொல்ல, அதே அடுப்பில் அதே அடையைச் சுடுகிறவளால்தான் முடியும். மருந்துச் சீட்டுக்கும் சோற்றுத் தட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அவள் நடந்து தீர்க்கிறாள். ஆண்டு விழா மேடையில் பொன்னாடை போட வேண்டுமானால் முதலில் இவளுக்குப் போட வேண்டும்.

தர்மமா? உரிமையா?

பணக்காரர் தர்மத்தால் நடக்கும் விஷயம்தானே இது என்று ஒரு தோழர் கேட்கலாம். நன்கொடை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த இயக்கத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. கறுப்பு மக்களின் உரிமைப் போர் கொழுந்துவிட்ட 1960களில்தான் அமெரிக்காவில் சமூக மருந்தகங்கள் பிறந்தன. 1965ல் பாஸ்டனிலும், 1967ல் மிசிசிபி மாகாணத்துப் பருத்திக் காட்டு ஊரான மவுண்ட் பேயுவிலும் திறந்தார்கள். மவுண்ட் பேயுவில் குழந்தைகள் பசியால் நோயுற்று வந்தபோது, டாக்டர் ஜாக் கைகர் மருந்துச் சீட்டிலேயே உணவை எழுதிக் கொடுத்தார். மளிகைக் கடையில் அதைக் காட்டி வாங்கினார்கள். பணத்தை மருந்துக் கணக்கில் எழுதினார்கள். மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. பட்டினியால் வரும் நோய்க்கு உணவுதான் மருந்து என்று பதில் சொன்னார்.

அந்தப் பரம்பரையில் வந்த சட்டம் ஒன்று உண்டு. சர்க்கார் நிதி பெறும் சமூக மருந்தகத்தின் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் அங்கேயே வைத்தியம் பெறுகிறவர்களாக இருக்க வேண்டும். தட்டுக் கழுவுகிறவர் டாக்டருக்குச் சமமாக உட்கார்ந்து வரவு செலவைக் கேட்கலாம்! இன்று அந்த நாட்டில் இத்தகைய மருந்தகங்களில் 3 கோடிக்கும் மேற்பட்டோர் வைத்தியம் பெறுகிறார்கள்.

ஆனால், பெற்ற உரிமையைக் காவல் காக்காவிட்டால் என்ன ஆகும்? ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர்களுக்கும் சர்க்கார் நிதியில் நடக்கும் சேவைகள் புரியும்படி கிடைக்க வேண்டும் என்று 2000 ஆகஸ்டில் ஜனாதிபதி கிளிண்டன் உத்தரவு போட்டார். 2025 மார்ச் 1ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் ஆங்கிலமே ஆட்சிமொழி என்று அறிவித்து, அந்தப் பழைய உத்தரவை ரத்து செய்தார். அதற்கு முன்பே, 2025 ஜனவரியில், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தேவாலயம் போன்ற இடங்களில் குடியேறிகளைக் கைது செய்வதற்கு இருந்த கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் தாய், வாசலில் யார் நிற்கிறார்களோ என்று தயங்குகிறாள். 40 ஆண்டு கட்டிய நம்பிக்கை ஒரு கையெழுத்தில் ஆட்டம் காண்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் ஆண்டு விழா கொண்டாடுவது, ‘நாங்கள் இங்கேதான் இருக்கிறோம், கதவு திறந்திருக்கிறது’ என்று ஊரறியச் சொல்வதாகும்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று எழுந்து போய்விடாதீர்கள். நம் மில்லில் ரிங் பிரேம் பக்கம் நின்று பாருங்கள். ஒடிசாவிலிருந்தும், பீகாரிலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும், அசாமிலிருந்தும் வந்த பிள்ளைகள் நூல் முடிகிறார்கள். பஞ்சுத் தூசு தமிழ் நெஞ்சு, ஒரியா நெஞ்சு என்று பார்ப்பதில்லை. மூச்சு முட்டுகிறது என்று அந்தப் பெண் தன் பாஷையில் சொன்னால் டாக்டருக்குப் புரிவதில்லை. டாக்டர் தமிழில் சொல்வது அவளுக்குப் புரிவதில்லை. நம்மவர்களும் பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போனவர்கள்தான். பாஷை தெரியாத ஊரில் நோயில் படுத்த கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல.

ஆகவே மூன்று வேலை. ஒன்று, தமிழும் அவர்கள் பாஷையும் தெரிந்த தொழிலாளிகள் ஒவ்வொரு மில்லிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடித்து, ஆஸ்பத்திரிக்குத் துணையாக அனுப்ப சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டு, தொழிலாளர் வரும் ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், மருந்து சாப்பிடும் முறையை அவரவர் பாஷையில் எழுதித் தர வேண்டும் என்று சர்க்காரிடம் கோரிக்கை வைக்க வேண்டும். துணை போகிற நம் வேலையைக் காட்டி, சர்க்கார் தன் கடமையிலிருந்து நழுவ நாம் இடம் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, சின்ன விஷயம்தான். வரப்போகும் சங்க ஆண்டு விழாவில் முதல் பொன்னாடை யாருக்கு என்று இப்போதே முடிவு செய்யுங்கள். ராத்திரி ஷிப்டு முடிந்த அலுப்போடு, அன்னிய ஊர்க்காரி ஒருத்தியின் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன தொழிலாளி ஒருத்தி நம் நடுவில் நிச்சயம் இருக்கிறாள். அவளை மேடைக்கு அழையுங்கள்!