சித்தப்பிரசாத்: எரிக்கப்பட்ட நூலின் ஓவியர்



நீலகிரித் தேயிலைப் பொட்டலங்களிலும் உதகைக் கடைகளின் வாழ்த்து அட்டைகளிலும் கூடை சுமந்த பெண்ணொருத்தி ஓயாது புன்னகைக்கிறாள். அவளுக்குப் பெயரில்லை, ஊரில்லை, பசியுமில்லை. உழைப்போரை இவ்வாறு காட்சிப் பொருளாக்கும் மரபுக்கு நேரெதிரே நின்றவர் வங்க ஓவியர் சித்தப்பிரசாத்.

1915-இல் நைஹாட்டியில் பிறந்த அவர், சிட்டகாங்கில் கல்லூரிக் கல்வி பெற்றார். 1930-களின் இறுதியில் பொதுவுடைமை இயக்கத்தில் இணைந்தார். சாதியைச் சுட்டுகின்ற 'பட்டாச்சார்யா' என்னும் பின்னொட்டைத் துறந்தார். முறையான ஓவியப் பயிற்சி அவருக்கு வாய்க்கவில்லை; கூட்டங்களுக்காகத் தீட்டிய சுவரொட்டிகளே அவருக்குப் பள்ளியாயின.

1943-இல் வங்கத்தில் பஞ்சம் மூண்டது. அது வானம் பொய்த்ததனால் மட்டும் விளைந்ததன்று. சப்பானியர் கைக்குப் போய்விடலாகாதென்று 1942-இலேயே நாட்டுப் படகுகளை அரசு பறித்துக்கொண்டது. அரிசி போருக்கும் பதுக்கலுக்கும் போயிற்று. மேதினிப்பூரையோ அதே ஆண்டு அக்டோபரில் பெரும்புயலும் அழித்திருந்தது. மாண்டோர் முப்பது இலட்சம் வரை இருப்பர் என்பது ஆய்வாளர் சிலரின் மதிப்பீடு. ஆயினும் பஞ்சகால விதித்தொகுப்பின்படி 'பஞ்சம்' என அறிவிக்க அரசு முன்வரவேயில்லை. அறிவித்தால் நிவாரணம் கடமையாகிவிடும் அல்லவா?

அந்த ஆண்டு நவம்பரில், கட்சியின் பணிப்பில், சித்தப்பிரசாத் மேதினிப்பூர்க் கிராமங்களில் சுற்றி வந்தார். கண்டவற்றைக் கறுப்பு மையில் வரைந்தார். வரையப்பட்டவர்தம் பெயரையும் ஊரையும் குறித்துக்கொண்டார். அவ்வோவியங்களும் பயணக் குறிப்புகளும் 'பசித்த வங்காளம்' என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தலைப்பில் சிறுநூலாக வெளிவந்தன. அரசு அதன் ஐயாயிரம் படிகளைப் பறிமுதல் செய்து எரித்தது.

எலும்புருவங்களின் ஓவியத்துக்கு ஒரு பேரரசு ஏன் அஞ்ச வேண்டும்? பெயரற்ற பசி இரக்கத்தைத் தூண்டும்; அதை அரசு பொறுத்துக்கொள்ளும். இன்ன ஊரில் இன்னார் பட்டினியால் மாண்டார் என்னும்போதோ ஓவியம் வழக்காகிவிடுகிறது. இல்லையென்று அரசு சாதித்த பஞ்சத்துக்கு அந்நூல் சாட்சியாயிற்று. அவருடைய கலையை 'வெறும் பிரசாரம்' என ஒதுக்குவோர் இதனைக் கருதிப் பார்ப்பதில்லை.

1946-இல் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். கப்பற்படைக் கிளர்ச்சிக்கு ஆதரவாகச் சுவரொட்டிகள் வரைந்தார். இந்திய மக்கள் நாடக மன்றத்தின் முரசறைவோன் சின்னமும் அவர் கைவண்ணமே. விடுதலைக்குப் பின்னர்க் கட்சியிலிருந்து விலகிய அவர், அந்தேரியின் சிற்றறை ஒன்றில் வறுமையோடு வாழ்ந்தார். அங்கும் கை ஓயவில்லை. காலணி துடைக்கும் சிறுவரையும் சுமை தூக்கும் சிறுவரையும் லினோவில் செதுக்கினார். செக் நாட்டு நண்பரின் ஊக்கத்தால் பொம்மலாட்டத்திலும் ஈடுபட்டுக் 'கேலாகர்' என்னும் குழுவை நடத்தினார். செக் இயக்குநர் பாவெல் ஹோபல் அவரைப் பற்றி 1972-இல் ஆவணப்படமும் எடுத்தார். உள்நாட்டுக் கலைச்சந்தை அவரைத் தேடி வந்ததாகத் தெரியவில்லை. 1978-இல் கல்கத்தாவில் காலமானார்.

எரிப்புக்குத் தப்பிய படியொன்றைக் குடும்பத்தார் காத்து வைத்திருந்தனர். அதனைக் கொண்டு 2011-இல் தில்லிக் கலைக்கூடம் ஒன்று நூலை மூலத்தில் உள்ளவாறே மறுபதிப்புச் செய்தது.