பட்டினியாற் புற்றுநோய் மடியுமா?

(எமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



புற்றுநோயுற்ற ஒருவரின் வீட்டிற்கு நாம் செல்லும்போது ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். “எண்ணெய், நெய்யெல்லாம் நிறுத்திவிட்டோம், கட்டிக்குத் தீன் போடக் கூடாதல்லவா?” என்பார்கள். அன்பினால் எழுந்த சொல்லே அது. ஆயினும் அது சரியானதா? இக்கேள்விக்கு உயிரிரசாயனவியல் தரும் விடையை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

கொழுப்பமிலம் என்பது காபன் அணுக்கள் கோவையாக நிற்கும் ஒரு சங்கிலி. பாமிற்றிக் அமிலத்தில் 16 காபன்கள் உள. உடல் இச்சங்கிலியை இரு வகையாகக் கையாளுகின்றது. ஒன்று எரித்தல். கலத்தினுள் இருக்கும் இழைமணிகளிற் சங்கிலி இரண்டிரண்டு காபன்களாக வெட்டப்பட்டுச் சத்தி பெறப்படுகின்றது. சங்கிலி இவ்வாறு இரண்டிரண்டு காபன்களாக வெட்டப்படுவதை 1904ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பிரான்ஸ் நூப் காட்டினார். மற்றையது கட்டுதல். கொழுப்பமிலத் தொகுப்பு நொதியம் இரண்டிரண்டு காபன்களாகச் சேர்த்துப் புதிய சங்கிலியை ஆக்குகின்றது. அதற்கு வேண்டிய மூலப்பொருள் சோற்றின் மாப்பொருளினின்று வரும் குளுக்கோசிலிருந்தே கிடைக்கக் கூடும்.

வளர்ந்தோர் உடலில் ஈரல், கொழுப்பிழையம், பாலூட்டும் தாயின் மார்பகம் முதலியன தவிர்ந்த பெரும்பாலான இழையங்கள் இக்கட்டுவேலையை மிகக் குறைவாகவே செய்யும். உணவினின்று வரும் கொழுப்பே அவற்றிற்குப் போதும். புற்றுநோய்க் கலமோ ஓயாது பிரிவது. ஒன்று இரண்டாவதற்குப் புதிய மென்சவ்வு வேண்டும். மென்சவ்வோ பெரும்பாலும் கொழுப்புப் பொருள்களால் ஆயது. 1953இல் கிரேஸ் மெடிஸ் என்னும் பெண்மணியும் அவருடன் உழைத்தோரும், கட்டிகளின் மெல்லிய துண்டுகள் கொழுப்பமிலங்களைத் தாமே தொகுப்பதைக் கண்டனர். மார்பகப் புற்றுநோய் சிலரிற் கடுமையாகும் என்பதைச் சுட்டிய ஒரு புரதம், மேற்கூறிய நொதியமே என்பது 1994இல் அமெரிக்காவின் பால்ரிமோர் நகர ஆய்வாளரால் வெளியாயிற்று.

ஆகவே, உணவினின்று நெய்யை நீக்குவதனால் மட்டும் கட்டி பட்டினி கிடவாது. அது தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக் கொள்ளும். மேலும், சூலகப் புற்றுநோய்க் கலங்கள் வயிற்றறையிலுள்ள கொழுப்புக் கலங்களிடமிருந்து கொழுப்பமிலங்களைப் பெற்று வளர்வதைச் சிக்காகோ ஆய்வாளர் 2011இற் காட்டினர். அப்படியாயின் பட்டினியால் மெலிபவர் யார்? நோயாளியே. தசையையும் கொழுப்பையும் கரைக்கவல்ல நோய்க்கு நாமும் துணை போகின்றோம். மெலிந்த உடல் சிகிச்சையைத் தாங்குவதும் அரிது.

இதனாற் கொழுப்பை அளவின்றி உண்ணலாம் என்று கொள்ளற்க. மிகுந்த உடற்பருமனுக்கும் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் தொடர்புண்டு என்பதற்குப் போதிய சான்றுண்டென, சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர் குழு 2016இற் கூறியது. நோய் வருமுன் அளவோடு உண்டு காத்தல் வேறு. வந்தபின் நோயாளியைப் பட்டினி போடுதல் வேறு.

அந்நொதியத்தைத் தடுக்கும் மருந்துகள் மனிதரிலும் பரிசோதிக்கப்பட்டுள்ளன. ஒரு வழியை அடைத்தால் கலம் மறுவழியாற் கொழுப்பைத் தேடிக்கொள்வது அம்முயற்சியின் பெரும் இடர். ஆய்கூடத்தில் வல்லுநருக்கே எளிதாகாத வேலையை நாம் அடுக்களையில் முடித்துவிட எண்ணலாமா?

உடம்பை இறைவன் உறையும் ஆலயமாகப் போற்றும் மரபினர் நாம். நோயுற்றவர் விரதத்தைத் தவிர்த்தல் குற்றமாகாது. இனி நோயாளரைக் காணச் செல்லும் இளைஞர், பத்தியம் சொல்வதை விடுத்து, “என்ன உண்ணலாமென்று வைத்தியரைக் கேட்டீர்களா?” என்று வினவுவாராக. கேட்டுவர ஆளில்லையெனின் தாமே உடன் செல்வாராக. இச்சங்கத்தினர் செய்யத்தக்க தொண்டுகளில் இதுவும் ஒன்று.