பங்கிட்ட கரையும் பங்கிடா அடியும்



ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவில் அங்கயற்கண்ணியும் சொக்கரும் இவ் ஆரப்பாளையத்துப் புட்டுத்தோப்புக்கு எழுந்தருள்வதும், மண் சுமந்த விளையாடல் நிகழ்த்திக் காட்டப்பெறுவதும் மதுரை மக்கள் நன்கறிந்தவை. பரஞ்சோதி முனிவர் பாடிய அக் கதையுள் பொதிந்த குமுகவியல் உண்மையொன்று ஈண்டு எண்ணத்தக்கது.

வையை பெருக்கெடுத்தது. கரையை அடைக்கக் குடிதோறும் பங்கு அளந்துவிட்டான் பாண்டியன். பிட்டு விற்றுண்ணும் மூதாட்டி வந்திக்கும் ஒரு பங்கு. அவளுக்கோ கணவனில்லை, மகனில்லை, கூலிக்கும் ஆளில்லை. ஊர் முழுதும் கரையில் நின்றது. அவள் துயரை உசாவுவார் இலர். வெள்ளம் பொதுவாயிற்று; கரை பங்காயிற்று. பங்கிட்ட அன்றே அவள் தன் ஊரிலேயே அயலாள் ஆனாள்.

இவ் அயன்மையை நிகழ்வியல் நோக்கில் ஆராய்ந்தவர் வியன்னாவிற் பிறந்த ஆல்பிரடு சூட்சு (1899–1959). 1938-இல் இட்லர் ஆத்திரியாவைக் கைப்பற்றவே, யூதராகிய அவர் தாயகம் திரும்ப இயலாது, 1939-இல் நியூயார்க்கு சேர்ந்தார். ஊரார்க்கு வினாவின்றி விளங்குவன யாவும் அயலானுக்கு வினாவாகவே நிற்கும். அவன் தயக்கத்தை ஊரார் பற்றின்மை என்று ஐயுறுவர் என 1944-இல் எழுதினார். முகம் நோக்கி, காலத்தைப் பகிர்ந்து, ஒருங்கே மூப்பெய்தும் உறவையே அவர் 'நாம்' என்னும் உறவாகக் கண்டார்.

வந்திக்கு ஆளாய் வந்தவனும் முகமறியாக் கூலியாளே. உதிர்ந்த பிட்டே கூலி என இருவரும் பேசி உடன்பட்டனர். ஆங்கே 'நாம்' பிறந்தது. அவனை அறியாத மன்னன் பிரம்பால் அடித்தான். அவ் அடி மன்னன் முதலாக எல்லா உயிர்மீதும் பட்டது. கரையைப் பங்கிட முடிந்தது. நோவை ஒருவனுக்கென ஒதுக்க முடியவில்லை.

இன்றும் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் தேனியினின்றும் திண்டுக்கல்லினின்றும் வந்திறங்குவோர் தோளுரச நிற்கின்றனர். முகம் நோக்குவார் சிலரே. கூட்டம் வேறு, கூட்டுணர்வு வேறு. அயன்மை நீக்கும் முதற்கருவி மொழி. பாட்டியின் துயரைக் கேட்கும் தமிழ் பேரனிடம் இல்லையாயின், ஒரே வீட்டினுள்ளும் ஒரு வந்தி தனித்திருப்பாள். ஆயினும், மொழி இருந்தால் மட்டும் போதுமா? வந்தியின் ஊராரும் தமிழரே, ஆயினும் கேட்டாரிலர். 'தமிழ் வாழ்க' என முழங்கும் வாய், அடுத்த வீட்டு மூதாட்டியிடம் 'உண்டீர்களா, அம்மா?' என்று ஒருநாளேனும் கேட்டதுண்டா?

பெருமக்களே! அடி விழுந்த பின்னரே அவ் ஊர் விழித்தது. பிரம்பு வீழுமுன் கேளுங்கள். கரை உடையுமுன் கூடுங்கள்!