கடையின் இணையத்தளமும் அதன் உரிமையும்
(பெற்றோர் மற்றும் இளையோருக்காக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ரொறன்ரோப் பெரும்பாகத்தில், ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் தமிழர் நடத்தும் சிறு வர்த்தக நிலையங்கள் பல உள்ளன. புடவைக் கடை, பலசரக்குக் கடை, மணவறை அலங்காரம், விழாக்களுக்கான உணவு விநியோகம், வாகனம் ஓட்டப் பழக்கும் பள்ளி என அவற்றின் வகைகள் பல. கடைக்கான இடத்தை வாடகைக்கு எடுக்கும்போது வர்த்தகர் ஒப்பந்தத்தைச் சட்டத்தரணியிடம் காட்டிப் பொருள் அறிந்த பின்னரே கையொப்பம் இடுகிறார். பெயர்ப்பலகை செய்பவரிடம்கூட விலைமதிப்பீட்டை எழுத்தில் பெறுகிறார். ஆனால் இணையத்தளம் என்று வந்ததும் நிலைமை வேறாகிவிடுகிறது. மைத்துனரின் மகன் கணினி படிக்கிறான். அவனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. "தம்பி, நீ முதலில் செய்து தா, காசைப் பிறகு பார்ப்பம்" என்கிறார் கடைக்காரர். "ஓம் மாமா" என்கிறான் அவன். அத்துடன் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது.

இதில் எவருக்கும் தீய எண்ணம் இல்லை. இருந்தும் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாமனும் மருமகனும் பேசாமல் இருக்கும் நிலைக்கு இதுவே வித்திட்டுவிடக் கூடும். எவ்வாறு என்பதை விளக்கமாகப் பார்ப்பது பயனுடையது.

முதலாவது, டொமைன் எனப்படும் களப்பெயர். அதுவே இணையத்தில் கடையின் முகவரி. வணிக அட்டையிலும் விளம்பரத்திலும் வாகனத்தின் பக்கவாட்டிலும் அச்சிடப்படுவது அதுதான். கடையின் மின்னஞ்சலும் அதனைச் சார்ந்தே இயங்குகிறது. களப்பெயரை எவரும் நிரந்தரமாக விலைக்கு வாங்குவதில்லை. ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பதிவில் வைத்திருப்பதே நடைமுறை. அந்தப் பதிவில் உரித்தாளராக எவருடைய பெயர் உள்ளதோ, பதிவாளர் நிறுவனம் அவரையே உரியவராகக் கருதும். கடைக்காரர் பணம் கொடுத்தார் என்பது அங்கே கணக்கில் இல்லை. இளைஞன் தன் சொந்தக் கணக்கில், தன் பெயரில், தன் கடனட்டையில் பதிந்திருந்தால், அந்தப் பெயர் பதிவேட்டின்படி அவனுடையதே.

அவ்விளைஞன் வாட்டர்லூவுக்கோ ஒட்டாவாவுக்கோ பல்கலைக்கழகம் சென்றுவிட்டான் எனக் கொள்வோர் அடுத்து நிகழ்வதை எளிதில் ஊகிக்கலாம். புதுப்பித்தல் அறிவித்தல்கள் அவன் திறந்து பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குச் செல்கின்றன. கடனட்டையின் காலம் முடிந்துவிட்டது. ஒரு காலை தளம் மறைகிறது, மின்னஞ்சலும் நின்றுவிடுகிறது. திருமணக் காலத்தில் உணவு விநியோகக் கடைக்கு இது சிறு இழப்பு அன்று. காலாவதியான பெயரை மீட்பதற்குக் குறுகிய அவகாசம் உண்டு. அது கடந்தால் உலகில் எவரும் அதனைப் பதிந்துகொள்ளலாம். நல்ல பெயர்கள் கைவிடப்படுவதற்காகவே காத்திருந்து பதிவோரும் இருக்கின்றனர்.

கனடாவின் டொட் சீஏ பெயர்களை 2000 ஆம் ஆண்டு முதல் நிர்வகித்துவரும் அமைப்பு சீரா. அதற்கு முன்னர் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தொண்டர்கள் அப்பணியைச் செய்தனர். டொட் சீஏ பெயரைப் பதிவதற்குக் கனடாவுடனான தொடர்பு வேண்டும்: குடியுரிமை, நிரந்தர வதிவிடம், கனடாவில் கூட்டிணைக்கப்பட்ட நிறுவனம் போன்றவை. ஆகவே குறைந்த செலவு கருதி சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள வடிவமைப்பாளரை அமர்த்துவோர், பதிவை மட்டும் தாமே செய்துகொள்வது நன்று. அதற்குக் கணினி அறிவு எதுவும் தேவையில்லை. சில நிமிடங்களும் ஒரு கடனட்டையும் போதும். வடிவமைப்பாளருக்குத் தேவையான அனுமதியைப் பின்னர் தனியாக வழங்கலாம்.

இரண்டாவது, பதிப்புரிமை. இதில் பலருக்கும் தவறான எண்ணம் உண்டு. "காசு கொடுத்தாயிற்று, தளம் என்னுடையது" என்று கடைக்காரர் கருதுகிறார். கனடாவின் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. ஊழியர் ஒருவர் தம் வேலையின் பகுதியாகச் செய்யும் படைப்பு, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, வேலைகொள்வோரைச் சேரும். ஆனால் சுயாதீனமாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர் ஊழியர் அல்லர். அவர் வரைந்த இலச்சினையும் பக்க அமைப்பும் எழுதிய நிரலும் அவருடையவையாகவே இருக்கும். அவ்வுரிமை கைமாற வேண்டுமானால் அது எழுத்தில், உரிமையாளரின் கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். வாய்ச்சொல் போதாது. எழுத்து இல்லாதபோதும் தளத்தைப் பயன்படுத்தக் கடைக்காரருக்கு ஒரு மறைமுக அனுமதி உண்டு என வாதிடலாம். ஆயினும் அதே இலச்சினையை இரண்டாவது கிளையின் பெயர்ப்பலகையில் இடும்போதும், தளத்தை வேறொருவரிடம் கொடுத்து மாற்றும்போதும் அந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது வழக்குரைஞர்களின் விவாதத்துக்கு உரியது. ஒரு பக்கத் தாளில் நான்கு வரி எழுதியிருந்தால் அந்த விவாதத்துக்கு இடமில்லை.

படங்களைப் பற்றியும் இங்கே கூற வேண்டியுள்ளது. தேடுபொறியில் கிடைத்த அழகிய தோசைப் படத்தை எடுத்து ஒட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. வணிக நோக்கிலான மீறலுக்கு, படைப்பொன்றுக்கு 500 முதல் 20,000 டொலர் வரை நட்டஈடு விதிக்கக் கனேடியச் சட்டத்தில் இடமுண்டு. கோரிக்கைக் கடிதம் கடையின் முகவரிக்கே வரும். படத்தை ஒட்டிய இளைஞனைத் தேடி அது செல்வதில்லை. கடையின் சொந்தத் தோசையைக் கைத்தொலைபேசியில் படம் எடுப்பது எவ்வளவோ மேல். வாடிக்கையாளர் உண்ணப்போவதும் அதைத்தானே!

தமிழில் பக்கங்கள் வேண்டும் என விரும்புவோர் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: எழுத்து ஒருங்குறியில் உள்ளதா? பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்யும் வழக்கம் அச்சகங்களில் வேரூன்றியது. அவ்வாறு தட்டச்சு செய்ததை இணையத்தில் இட்டால், அந்த எழுத்துரு இல்லாத கருவியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். அதனைத் தவிர்க்க முழுப் பத்தியையும் படமாக ஒட்டுவோர் உளர். தேடுபொறி அப்படத்தைக் கடையின் சொற்களாக வாசிப்பதை நம்பியிருக்க இயலாது. பார்வை குறைந்தவருக்கு வாசித்துக்காட்டும் மென்பொருளுக்கும் அது பயன்படாது. தமிழ் 1991 இல் வெளியான முதற்பதிப்பிலிருந்தே ஒருங்குறியில் இடம்பெற்றிருக்கிறது. இதற்குப் பின்னும் பாமினியில் தளம் செய்வோருக்குப் பணம் கொடுப்பதில் நியாயம் இல்லை.

விலையைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. மூன்று பேரிடம் எழுத்தில் மதிப்பீடு பெற்று, அவர்கள் முன்னர் செய்த தளங்களைக் கைத்தொலைபேசியில் திறந்து பார்த்து, அத்தளங்களின் உரிமையாளர்களிடமே விசாரித்தால் பெருமளவு தெளிவு கிடைக்கும். மிகக் குறைந்த விலை கூறுபவர், பராமரிப்பு எதனையும் கணக்கில் சேர்க்காதவராக இருக்கக்கூடும்.

இனி இளையோரின் பக்கம். இவ்விடயத்தில் பெற்றோரே பெரிதும் சிந்திக்க வேண்டும் எனத் தோன்றுகிறது. உறவினருக்குத் தளம் செய்யும் இளைஞனோ யுவதியோ ஒருபோதும் முடியாத வேலையில் சிக்கிக்கொள்கின்றனர். ஐந்து பக்கங்கள் என்று தொடங்கியது பதினைந்தாகிறது. பரீட்சை வாரத்தில் "பிள்ளை, அந்த விலையை ஒருக்கா மாத்தி விடு" என்று அழைப்பு வருகிறது. பணம் கேட்டால் உறவை மதிக்கவில்லை என்ற பேச்சு எழுகிறது. அதே கடைக்காரர் குழாய் பழுதுபார்ப்பவரிடம் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. எத்தனை பக்கங்கள், எத்தனை திருத்தங்கள், எந்தத் திகதி, முற்பணம் எவ்வளவு, மீதி எப்போது, ஒப்படைத்தபின் பராமரிப்புக்கு மாதம் எவ்வளவு என்பவற்றை எழுதிக் கையொப்பமிடுவது உறவை அவமதிப்பதாகாது. இலவசமாகச் செய்வதாயினும் அதையும் எழுதலாம்: இவ்வளவு இலவசம், இதற்கு மேல் இல்லை என்று. முழுப் பணமும் கிடைத்த நாளில் பதிப்புரிமை கைமாறும் என்ற வரி வடிவமைப்பவருக்கும் பாதுகாப்பு.

இதனையே தொழிலாகக் கொள்ள விரும்பும் இளையோர் வருமானத்தைக் கணக்கில் காட்டப் பழக வேண்டும். தொடர்ச்சியான நான்கு காலாண்டுகளில் வரிக்குட்பட்ட வருவாய் 30,000 டொலரைத் தாண்டினால் எச்எஸ்ரி வரிக்குப் பதிவுசெய்வது கட்டாயம்; ஒன்ராறியோவில் அது 13 வீதம். வாடிக்கையாளருக்கு விளம்பர மின்னஞ்சல் அனுப்பும் வசதியைத் தளத்தில் சேர்ப்போர், 2014 யூலையில் நடைமுறைக்கு வந்த கனேடியச் சட்டத்தின்படி பெறுநரின் சம்மதம் வேண்டும் என்பதையும் கடைக்காரருக்கு எடுத்துக்கூற வேண்டும்.

ஏற்கெனவே தளம் வைத்திருக்கும் குடும்பங்கள் இந்த வார இறுதியிலேயே மூன்றைச் சரிபார்க்கலாம். களப்பெயர் எவர் பெயரில் உள்ளது, புதுப்பித்தல் திகதி எது, அறிவித்தல் எந்த மின்னஞ்சலுக்குச் செல்கிறது என்பனவே அவை. பிள்ளையின் பெயரில் இருப்பின், பதிவாளர் நிறுவனத்தின் ஊடாக அதனைக் கடையின் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியும். பதிவாளர் கணக்கு, தளக் கோப்புகள் தங்கியிருக்கும் வழங்கி, மின்னஞ்சல் ஆகிய மூன்றின் கடவுச்சொற்களையும் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, கடையின் வாடகை ஒப்பந்தம் இருக்கும் அதே பெட்டியில் வைக்கலாம். வடிவமைத்தவர் விலகும் நாளில் அக்கடவுச்சொற்களை மாற்றி, புதிய தாளை அவ்வுறையில் இட வேண்டும்.